முந்திக்கொண்ட சிரிப்பு

குபீரென்று சிரித்தது அரங்கம்.

முந்நூறு பேர் ஒரே மூச்சில் சிரித்தால் எப்படி இருக்கும்? தகரக் கூரையில் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு குண்டு மனிதர் முன் நாற்காலியின் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பால்கனியில் யாருக்கோ புரையேறிவிட்டது.

எல்லாம் நல்லதுதான். நகைச்சுவை நாடகத்துக்குச் சிரிக்காமல் வேறு எதற்குச் சிரிப்பது? சிக்கல் என்னவென்றால், மேடையில் நின்ற கோமாளி இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

அவர் அப்போதுதான் வாயைத் திறந்திருந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. சிரிப்பு அடங்கியதும் அவர் தன் வசனத்தைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஏற்கெனவே சிரித்தாகிவிட்டதே.

அரங்கத்தின் பின்சுவரில் ஏணி வைத்து ஏறும் கண்ணாடி அறை ஒன்று உண்டு. அதற்குள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பலகையக்கா பட்டனில் இருந்து விரலை வெடுக்கென்று எடுத்தாள். பக்கத்தில் இருந்த லைட்காரர் மணியைப் பார்த்தார். மூன்றரை. "நாடகம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு, அக்கா. பட்டனைப் பார்த்து அமுக்குங்க" என்றார்.

பலகையக்கா என்பது அவள் பெயரில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த அரங்கத்தின் வாசலில் இருக்கும் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இன்று என்ன நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு, சைக்கிளை எங்கே நிறுத்தணும், வெற்றிலை துப்பினால் என்ன அபராதம், எல்லாம் அவள் கையெழுத்துதான். தினக்கூலிதான். இடையில் தபால் வழியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்து ஒரு பட்டமும் வாங்கியிருந்தாள். அந்தப் பட்டம் வீட்டு அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் அரங்கத்தில் மேடைக்கு மேலே எழுத்து ஓடும் ஒரு மின்பலகையை மாட்டினார்கள். வேற்றுமொழி நாடகம் வந்தால், நடிகர்கள் பேசப் பேச அதன் அர்த்தம் தமிழில் மேலே எரியும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். நிரந்தர வேலை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, முதலில் ஒரு நாடகத்துக்குச் செய்து காட்டு, சரியாக வந்தால் வேலை உனக்கு என்று சொல்லியிருந்தார்.

அந்த நாடகம்தான் இது. நானூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷ் நகைச்சுவை. ஊர் ஊராகப் போகும் ஒரு குழு. தமிழ்க்காரர்கள்தான், ஆனால் மேடையில் பேசுவது அந்தக் காலத்து இங்கிலீஷ், ஒரு வார்த்தைகூட மாற்ற மாட்டார்கள். மூன்று நாள், தினமும் மூன்று மணிக்கு ஆட்டம். அதில் முதல் நாளே இப்படி.

ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். அன்று மொத்தம் ஒன்பது தடவை சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது. மற்ற எட்டும் சின்னச் சின்னச் சிரிப்பு. மூன்றரை மணிச் சிரிப்புதான் பெரிசு.

திரை விழுந்ததும் மேனேஜர் ஏணிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். மேலே ஏறி வர அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. கோமாளி ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் தன் அறைக்கு வந்து கத்தியதை அவர் விலாவாரியாகச் சொன்னார். குழுவில் அந்தக் கோமாளி வைத்ததுதான் சட்டம். அறுபது வயசு தாண்டியவர். முப்பது வருஷமாக இதே வேஷம். தலைக்கு மேலே ஒரு பெட்டி எனக்கு முன்னால் ஜோக் சொல்கிறது, அந்தப் பெட்டிக்குப் பின்பாட்டுப் பாட நான் எதற்கு என்று கேட்டாராம்.

"நாளைக்கு ஒரு ஆட்டம் பார்ப்பேன்னு சொல்லியிருக்காரு" என்றார் மேனேஜர். "நான் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சி வாங்கின ஒரு ஆட்டம். நாளைக்கும் சிரிப்பு முந்திச்சுன்னா பலகையைக் கழட்டிடணும். பலகை போனா பலகைக்கு ஆள் எதுக்கும்மா? புரியுதில்ல?"

புரிந்தது. மறுபடி சாக்கட்டி.

மேனேஜர் போகிறபோது இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெரிய சிரிப்பு வந்த இடத்தில் ஜோக்கெல்லாம் வேண்டாம், சும்மா வசனத்தின் பொருளை மட்டும் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அவள் பார்க்கலாம் என்றாள். சரி என்று சொல்லவில்லை.

வெளியே வந்தபோது வானம் மூடிக்கொண்டு புழுக்கம் அழுத்தியது. வாசலில் நாத்தனார் காத்திருந்தாள். கணவனின் அக்கா. தையல்கடைகளில் இருந்து சட்டை வாங்கிவந்து வீட்டிலேயே காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுப்பவள். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் ஒரு காது முழுசாகவும் இன்னொரு காது முக்காலும் போய்விட்டது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். நாடகம் என்று அவள் போனதே அன்றுதான் முதல் தடவை.

வழி நெடுக நாத்தனார் கூடவே நடந்தாள். குடையால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தாள். முகம் மட்டும் எதையோ சுவைத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

வீட்டின் முன்பக்கம் சலூன். பின்பக்கம் இரண்டு அறை, ஒரு சமையலறை. கணவன் கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான். இவள் முகத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அவனே உள்ளே போய் நான்கு முட்டையைப் பொரித்து, சோற்றைத் தட்டில் போட்டுவந்தான். அவன் சமைத்தால் உப்பு தூக்கலாக இருக்கும். அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் குறுக்கே குறுக்கே கேட்டான். அவனுக்கு எதையும் கழற்றிப் பார்த்தால்தான் விளங்கும். அப்படி என்ன ஜோக் அது, எதற்கு அவ்வளவு சிரித்தார்கள் என்றான்.

நாடகத்தில் ஒரு பணக்காரப் பையன். வியாபாரியின் மகளைக் காதலிக்கிறான். அவளுக்கு ஒரு பாட்டு எழுதி வேலைக்காரனிடம் காட்டுகிறான். வேலைக்காரன்தான் கோமாளி. என் பாட்டில் என்ன குறை என்று பையன் கேட்கிறான். இங்கிலீஷ் மூலத்தில் கோமாளி சொல்வது, வரிகள் தொய்ந்துகிடக்கின்றன, பெண்ணின் அப்பாவிடம் கொடுத்தால் நாலு சாத்து சாத்தி நிமிர்த்திவிடுவார் என்பதுதான்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றான் கணவன்.

அதைத்தான் அவளும் இரண்டு மாதம் முன்பு கேட்டுக்கொண்டாள். அவளிடம் இருந்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பத்து வரிதான் நாடகம். மீதியெல்லாம் பொடி எழுத்தில் விளக்கம். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதில் ஓர் எறும்பு சொன்னது: பாட்டின் வரி என்ற சொல்லும், இடுப்பு என்ற சொல்லும் அந்தக் காலத்து வாயில் ஒரே மாதிரி ஒலித்தன. கோமாளி சொன்னது வரிகளை நிமிர்த்துவதை மட்டுமில்லை, எழுதியவனின் இடுப்பையும். பிறகு வந்த நானூறு வருஷத்தில் இரண்டு சொல்லும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. ஜோக் நடுவில் விழுந்து செத்துப்போனது.

அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தபிறகு அவளுக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சமையலறையில் நின்றுகொண்டு அந்த வரியைப் பழைய ஒலியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கண்ணால் படித்தால் செத்த மீன். வாயால் சொன்னால் துள்ளுகிறது. இப்படி இன்னும் எத்தனை மீன் கிடக்கிறது என்று பக்கம் பக்கமாகத் தேடினாள். அறுபத்தோரு இடம் கிடைத்தது. ஒவ்வொன்றையும் தமிழில் எப்படித் துள்ளவைப்பது என்றே இரண்டு மாதம் ஓடியது. அரிசி களைகிறபோதும் அதே நினைப்பு. இந்த வரிக்குக் கடைசியில் அவள் கண்டுபிடித்தது இது:

என் பாட்டில் என்ன குறை?
பாட்டுக்கு அடி போதும் ஐயா. எழுதியவருக்குத்தான் போதவில்லை.

கணவன் ஒரு கவளத்தை வாயில் போட்டான். பிறகு சோற்றுப் பருக்கை தெறிக்கச் சிரித்தான்.

"நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு அந்த ஆளு குதிக்கிறாரு?"

"அவரு சொல்றதுக்கு முன்னாடியே எல்லாரும் படிச்சு முடிச்சிடறாங்க. அதுக்குத்தான் குதிக்கிறாரு."

நாத்தனார் இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அந்த ஆளு கோவத்துல இருந்தாருன்னு யாரு சொன்னது?" என்றாள்.

மேனேஜர் சொன்னதைச் சொன்னார்கள்.

"மேனேஜர் பின்னாடி கேட்டிருப்பான். நான் முன்னாடி பார்த்தேன். எனக்குக் காது இல்ல, கண்ணு இருக்கு. எல்லாரும் சிரிச்சப்ப நான் அந்த ஆளு மூஞ்சியத்தான் பார்த்தேன். கோவமே இல்ல. திருதிருன்னு முழிச்சாரு. பஸ்ஸுல தூங்கிட்டு இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி முழிச்சவன் முழிப்பான் பாரு, அந்த மாதிரி."

அவர் நடிகர் ஆயிற்றே, ஆயிரம் முகம் காட்டுவார் என்று கணவன் தள்ளிவிட்டான். பலகையக்காவும் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மனசெல்லாம் பட்டனில் இருந்தது.

மறுநாள் காலை லேசாகத் தூறியது. தூறல் நாளில் சலூனில் கூட்டம் சேரும். முடி வெட்ட வருகிறவர்கள் பாதி, ஒதுங்க வருகிறவர்கள் பாதி. அன்று ஒரு டாக்சிக்காரரும், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரும், சோப்புக் கம்பெனி விற்பனையாளர் ஒருவரும் பெஞ்சில் இருந்தார்கள். பலகையக்கா நாடகக் காகிதங்களோடு மூலை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோக்கையும் அவர்களிடம் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

முதலில் காகிதத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். சிரித்தார்கள். பிறகு, வேறொரு ஜோக்கைத் தானே வாய்விட்டுப் படித்தாள். கேள்வி, பதில், கடகடவென்று. ம்ம், நல்லாயிருக்கும்மா என்றார் போஸ்ட்மாஸ்டர், பென்ஷன் விண்ணப்பத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. அடுத்ததைக் கேள்வியோடு நிறுத்தினாள். டாக்சிக்காரர் கழுத்தை நீட்டினார். பதிலைச் சொன்னாள். பெஞ்சு ஆடியது.

அந்தக் காலத்து நாவிதர் பல்லும் பிடுங்குவார், கையைக் கீறி ரத்தமும் எடுப்பார் என்று ஒரு ஜோக்கில் வந்தது. போய்வந்த வேலைக்காரன், தலையில் ஒரு முடிகூடக் குறையவில்லை, மற்றதெல்லாம் குறைந்துவிட்டது என்கிறான். விற்பனையாளர் நாற்காலியில் இருந்து கணவனின் கையைப் பார்த்துக் கன்னத்தை மூடிக்கொண்டார். கணவனுக்கு ஏகக் குஷி. அவர்கள் நம்ம ஜாதி டாக்டர்கள்தான், நம்மை இப்போது முடியோடு நிறுத்திவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டான்.

அப்படியே பேச்சு வாக்கில் அவனும் ஒரு கதை எடுத்தான். யாரோ ஒரு வாடிக்கையாளர் சலூனில் மனைவியை மறந்துவிட்டுப்போன கதை. அவள் ஏற்கெனவே பத்துத் தடவை கேட்டது. ஆனால் அன்றுதான் கவனித்தாள். கதை சொல்கிறபோது அவன் கத்திரி சடக் சடக்கென்று காற்றிலும் முடியிலுமாக ஓடிக்கொண்டே இருந்தது. முடிவு வருகிற இடத்தில் கத்திரி நின்றது. கையைத் தலையில் இருந்து எடுத்தான். சலூனே மூச்சைப் பிடித்தது. பிறகு கடைசி வார்த்தையைச் சொன்னான். விற்பனையாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அது அடங்கும்வரை கத்திரி அந்தரத்திலேயே இருந்தது.

"ஏங்க, அங்க எதுக்கு நிறுத்துனீங்க?"

"எங்க?"

"கடைசி வார்த்தைக்கு முன்னாடி."

அவன் யோசித்தான். நிறுத்துவதே அவனுக்குத் தெரியாது போலிருந்தது.

"நிறுத்தலேன்னா காது போயிடுமே. சிரிச்சா தலையை ஆட்டுவாங்க. கத்திரி பக்கத்துல இருக்கு. நான் கையை எடுத்துட்டுத்தான் முடிவைச் சொல்லணும். எங்கப்பாவும் அப்படித்தான். தொழில் பண்றப்ப எவன் காதும் எங்க கடையில போனதில்ல."

அவள் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். தன் தப்பு அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பன்னிரண்டு வருஷமாகக் கரும்பலகை எழுதிய கை அது. கரும்பலகைக்கு ஒரே தர்மம்தான்: போகிறவன் ஒரு பார்வையில் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். நிகழ்ச்சியை ஒரு பலகையிலும் நேரத்தை இன்னொரு பலகையிலும் எழுதினால் அடி விழும். அந்தப் பழக்கத்தில் மின்பலகையிலும் அவள் ஒரு துளி இடத்தை வீணாக்கவில்லை. இரண்டு வரி கொள்ளும் என்றால் மேல்வரியில் பையனின் கேள்வி, கீழ்வரியில் கோமாளியின் பதில். பையன் வாயைத் திறக்கிறபோதே முந்நூறு பேருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். கச்சிதமான அறிவிப்பு. செத்த ஜோக்.

உடனே உட்கார்ந்து அறுபத்தோரு இடத்தையும் இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்தாள். கேள்வி தனியாக. பதில் தனியாக. பதில் அவர் சொல்லி முடித்தபிறகு எரியட்டும். அப்போது எவன் முந்துவான்?

காஜா எடுத்துக்கொண்டிருந்த நாத்தனார் ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தாள். விஷயம் புரிந்ததும் சட்டையை மடியில் போட்டாள்.

"முடிச்சப்புறம் எரியும்னா நான் வரமாட்டேன்" என்றாள்.

"ஏன் அண்ணி?"

"சின்ன வயசுல இருந்து நான் எல்லாத்துக்கும் கடைசியாத்தான் சிரிக்கிறேன். வீட்டுல எல்லாரும் சிரிச்சு ஓய்ஞ்சப்புறம், யாராவது பாவம்னு என் பக்கம் திரும்பிச் சொல்வாங்க. ஆறிப்போன டீயைக் குடிக்கிற மாதிரி. நேத்துதான் என் வயசுக்கு முதல் தடவை எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சேன். அதையும் எடுத்துட்டா என்ன அர்த்தம்?"

கணவன் அக்காவைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். தம்பி மனைவியின் வேலையே போகப்போகிறது, ஒரு நொடி முன்னே பின்னே ஆனால் என்ன என்றான். நாத்தனார் அவன் உதட்டைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் அவள் காதை மூடிக்கொண்டாள் என்று அர்த்தம்.

முன்னால் எரிந்தால் கோமாளிக்குக் கோபம். பின்னால் எரிந்தால் அண்ணிக்குக் கோபம். நடுவில் இடமிருக்கிறதா என்று பலகையக்கா தேடினாள். அவர் பேச ஆரம்பிக்கையில் முதல் பாதி எரிய வேண்டும். கடைசி வார்த்தை அவர் வாயில் இருந்து விழுகிறபோது மீதி எரிய வேண்டும். ஆனால் இங்கிலீஷ்காரன் குத்தவேண்டிய வார்த்தையை வாக்கியத்தின் நடுவில் வைப்பான், தமிழில் அது கடைசியில்தான் வந்து உட்காரும். ஒவ்வொரு வரியையும் உடைத்து, முன்னுக்குப் பின் மாற்றி, மறுபடி ஒட்டவேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவள் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் ஒரு பன்னும் டீயும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். டீ சூடாக இருந்தது.

அறுபது இடம் ஆனது. அறுபத்தொன்றாவது, அந்த அடி. மேனேஜர் சொன்ன மாதிரி சப்பென்று பொருளை மட்டும் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. நானூறு வருஷம் செத்துக்கிடந்தது இன்னும் நாலு நாள் கிடந்தால் என்ன? அப்படியும் எழுதினாள், அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பட்டனில் இரண்டும் தயார். எதை அமுக்குவது என்று மட்டும் முடிவு செய்யாமல் கிளம்பினாள்.

மூன்று மணி. மழை விட்டுவிட்டது. அரங்கத்தில் ஈரத்துணி வாசனை. நாத்தனார் நேற்று உட்கார்ந்த அதே ஓரத்து நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில், கடையைப் பூட்டிவிட்டு வந்த கணவன். அவன் சலூனைப் பட்டப்பகலில் பூட்டியது கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

முதல் ஜோக். கோமாளி மூச்சை இழுத்தார். அவள் விரல் பட்டன்மேல். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்தில் இருந்து அவருடைய உதட்டை மட்டும் பார்த்தாள். நாத்தனார் பார்க்கிற மாதிரி. கடைசி வார்த்தை விழுந்தது, விரல் விழுந்தது. ஒரு சின்ன அமைதி. பிறகு சிரிப்பு, அவர் வாயில் இருந்து கிளம்பி அரங்கத்துக்குப் போனது.

லைட்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

இரண்டாவது, மூன்றாவது, நாவிதர் ஜோக். அதில் மட்டும் கணவனின் சிரிப்பு தனியாகக் கேட்டது. கோமாளி சூடுபிடித்துவிட்டார். ஒவ்வொரு சிரிப்பையும் பொங்கவிட்டு, அடங்குமுன் அடுத்ததைத் தூவினார். நேற்றைய ஆள் இல்லை. அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தது போலவும், இரண்டு பேரும் இரண்டு முனையில் நின்று சுற்றுவது போலவும், நடுவில் முந்நூறு பேர் குதிப்பது போலவும் இருந்தது.

பிறகு பையன் பாட்டுக் காகிதத்தோடு வந்தான். என் பாட்டில் என்ன குறை?

கோமாளி பதில் சொல்லவேண்டிய இடம். அவர் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, பையனைப் பார்க்காமல், மேலே பலகையைப் பார்த்தார்.

பலகை இருட்டாக இருந்தது.

அவள் விரல் இரண்டு பட்டனுக்கும் நடுவில் நின்றது. ஒன்று பத்திரம். மேனேஜர் கீழே கதவருகில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. முன்வரிசை ஓரத்தில் நாத்தனாரின் கழுத்து நீண்டிருந்தது.

கோமாளி பேச ஆரம்பித்தார். அவள் முதல் பாதியை எரியவிட்டாள். பாட்டுக்கு அடி போதும் ஐயா. அவர் உதடு கடைசி வார்த்தைக்குக் குவிந்தது. அவள் அமுக்கினாள்.

நேற்று ஜல்லி என்றால் இன்று மலையே சரிந்தது. கோமாளி அசையாமல் நின்றார். சிரிப்பு ஒரு சுற்று வந்து ஓய்கிற நேரத்தில், அவர் பையனை ஒருதரம் சுற்றிவந்து, அவன் முதுகை விரலால் சுட்டிக்காட்டி, கையை ஓங்கும் பாவனையில் உயர்த்தினார். நேற்று அது இல்லை. அவள் புத்தகத்திலும் இல்லை. அரங்கம் மறுபடி சரிந்தது. பையனாக நடித்தவனே முகத்தைக் காகிதத்தால் மூடிக்கொண்டான்.

நாடகம் முடிந்து, கைதட்டல் முடிந்து, நாற்காலிகள் மடங்கும் சத்தமும் ஓய்ந்தது. அவள் கம்ப்யூட்டரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். இனிமேல் தன் கையில் ஒன்றுமில்லை. சொன்னபடி பொருளை மட்டும் போடவில்லை என்று மேனேஜருக்குத் தெரிந்திருக்கும். கோமாளி என்ன சொல்வாரோ.

ஏணி கிறீச்சிட்டது. முதலில் வெள்ளை பூசிய ஒரு தலை தெரிந்தது. வியர்வையில் ஒப்பனை பாதி வழிந்திருந்தது. மூச்சு வாங்க ஏறிவந்து நின்றார் கோமாளி. பின்னால் ஏணிக்குக் கீழே இருந்து மேனேஜரின் குரல், ஐயா பலகை இருக்கட்டுமா கழட்டிடலாமா என்று கேட்டது. அவர் காதில் வாங்கவில்லை.

லைட்காரர் எழுந்து தன் ஸ்டூலைத் தள்ளிவிட்டார். கோமாளி அதில் உட்கார்ந்தார். மேடையில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். இடுப்புத் துணியில் செருகியிருந்த தன் வசனப் பிரதியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓரமெல்லாம் மடங்கி, எண்ணெய் பட்டு, நடுவில் ஒட்டுப்போட்ட பிரதி. அதில் ஒரு விளக்கமும் கிடையாது. வசனம் மட்டும்தான்.

"அந்தப் பொடி எழுத்துப் புத்தகம் வச்சிருக்கீங்களாமே. அதைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

அவள் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். அந்த வரியைப் பழைய ஒலியில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சமையலறைச் சுவரைத் தவிர யாரும் கேட்டிராத உச்சரிப்பு. அவர் அதையே திருப்பிச் சொன்னார். இன்னொரு தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்கிறபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு என்றார். அறுபது என்றாள். அவர் காதுக்குப் பின்னால் இருந்து ஒரு பென்சிலை எடுத்து, தன் பிரதியின் முதல் பக்கத்தைத் திறந்துவைத்தார். மேனேஜர் கீழே இருந்து மறுபடி கூப்பிட்டார்.

அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நேற்று அவருக்கு அவ்வளவு கோபம் வந்ததே, சிரிப்பு முந்தியதற்காகத்தானே என்று கேட்டாள்.

கோமாளி ஏணிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, கீழே இருக்கிறவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"முப்பது வருஷமா நான் அந்த வரியைச் சொல்றேன்மா. அது ஜோக்குன்னு நேத்து மூணரை மணிக்குத்தான் எனக்கே தெரியும்."